கருஞ்சீரகமும் ராத்தாவின் குளிசையும்

ராத்தாவின் விரல்கள் முதலில் வீங்கியது ஒரு நோன்பு மாதத்தில். ஸஹருக்கு எழும்பியவ மாவைப் பிசையக் கையை வைத்தா, விரல் மடங்கவில்லை. "மரக்கட்ட மாதிரி கிடக்கு தம்பி, பத்து மணி போனாத்தான் இளகுது" என்று சொன்னா. வயசு போனால் மூட்டுக் குத்துவது வழமைதானே என்று நாங்கள் விட்டுவிட்டோம். இரண்டு கையிலும் ஒரே விரல்கள், ஒரே அளவு வீக்கம், காலையில் ஒரு மணித்தியாலத்துக்கும் கூடிய விறைப்பு. இவை மூன்றும் சேர்ந்தால் அது வயசின் வேலை அல்ல என்பதை நான் அப்போது அறிந்திருக்கவில்லை. இரத்தம் சோதித்துப் பார்த்த டொக்டர், இது முடக்குவாதம் என்றார். ஆங்கிலத்தில் ருமட்டொயிட் ஆத்திரைட்டிஸ் என்பார்கள். கிழமைக்கு ஒரு நாள் மாத்திரம் போடும் மெதோட்ரெக்ஸேட் குளிசையும், அதோடு போலிக் அசிட்டும், குறித்த காலத்துக்கு ஒருமுறை ஈரலையும் இரத்தத்தையும் பார்க்கும் சோதனையும் எழுதிக் கொடுத்தார்.

சில மாதங்களில் ராத்தா திரும்பவும் இடியப்பம் பிழியத் தொடங்கினா. இடியப்ப உரலை அழுத்துவது எவ்வளவு பலம் கேட்கிற வேலை என்பது பிழிந்தவர்களுக்குத்தான் தெரியும். குளிசை வேலை செய்கிறது என்பதற்கு எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய அத்தாட்சி தேவைப்படவில்லை.

பிறகு ஒரு நாள் போனேன். மேசையில் மூன்று சாமான் இருந்தன: ஒரு போத்தல் கருஞ்சீரக எண்ணெய், ஒரு டப்பா சீந்தில் தூள், வெளிநாட்டிலிருந்து வந்த மஞ்சள் கெப்ஸியூல். கிழமைக் குளிசையை நிறுத்தி ஆறு கிழமையாகிறதாம். நான் வாயைத் திறக்குமுன் அவவே கேட்டா:

"அந்தக் குளிசை உடம்பில உள்ள எதிர்ப்புச் சக்தியக் குறைக்குதாம். இது மூணும் எதிர்ப்புச் சக்தியக் கூட்டுதாம். கூட்டுறது நல்லமா, குறைக்கிறது நல்லமா? நீதானே படிப்பிச்ச ஆள், சொல்லு."

நான் வைத்தியன் அல்ல. உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். ராத்தாவின் கேள்வி எவ்வளவு சரியான கேள்வி என்பது எனக்கு அன்று இரவுதான் விளங்கியது. அதற்குப் பதில் தேடிப் படித்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கொரோனா காலத்திலிருந்து "எதிர்ப்புச் சக்தி" என்ற சொல் நம் வாயில் ஊறிப்போய்விட்டது. 2020 டிசம்பரில் கேகாலையில் ஒரு பாணிப் போத்தலுக்காக ஆயிரக்கணக்கான சனம் வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்தச் சொல்லைக் கேட்டால் நம் மனதில் தோன்றுவது ஒரு தண்ணீர்த் தாங்கி. நிறைந்திருந்தால் நல்லது, குறைந்தால் ஆபத்து, மூலிகையை ஊற்றினால் மட்டம் ஏறும். உண்மையில் நிர்ப்பீடனத் தொகுதி தாங்கி மாதிரியானது அல்ல. ஊரைக் காக்கும் பொலிஸ் படைக்கு ஒப்பிடலாம். படை இல்லாவிட்டால் கள்ளன் புகுவான். படைக்கு ஆள் கூடி, கட்டளையும் பிழைத்தால் ஊராரையே அடிக்கும். முடக்குவாதத்தில் நடப்பது இந்த இரண்டாவது. மூட்டின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய உறையை எதிரியென்று நினைத்து, சொந்த வெண்கலங்களே அதைத் தாக்குகின்றன. அப்படிப்பட்ட உடம்பில் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவது, அடிக்கிற கைக்குத் தடியெடுத்துக் கொடுப்பது போன்றது.

ராத்தாவின் விரலில் தெரிந்த வீக்கமும் சூடும் இந்தப் படையின் நடமாட்டந்தான். சிவப்பு, சூடு, வீக்கம், வலி என்ற நான்கையும் அழற்சியின் அடையாளங்களாக ரோமாபுரியின் செல்சஸ் 1 ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். காயம் பட்ட இடத்தில் இரத்தக் குழாய் விரிகிறது, சிவப்பும் சூடும் வருகின்றன. குழாயின் சுவர் கசிந்து நீர் வெளியே வருகிறது, அது வீக்கம். வந்து சேரும் கலங்கள் விடும் இரசாயனங்கள் நரம்பைத் தூண்டுகின்றன, அது வலி. முள் குத்திய காலில் இது நடந்தால் அல்ஹம்துலில்லாஹ், குணமாகப் போகிறது என்று அர்த்தம். குத்திய முள் எதுவுமே இல்லாமல், வருடக்கணக்கில் ஓயாமல் நடந்தால் எலும்பே அரிந்து போகும்.

இந்தப் படைக்குக் கட்டளை எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு கலத்துக்குள்ளும் என்.எஃப்-கப்பா பி என்றொரு புரதம் இருக்கிறது. 1986 இல் ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் என்ற இருவர் கண்டறிந்தது. சாதாரண நேரத்தில் இன்னொரு புரதம் அதைக் கட்டிப்பிடித்து, கலக் கருவுக்குள் போகவிடாமல் வெளியே நிறுத்தி வைத்திருக்கும். கிருமியின் வாசமோ காயத்தின் செய்தியோ வந்தால் ஒரு நொதியம் அந்தப் பிடிகாரனுக்கு அடையாளம் குத்திவிடும். அடையாளம் குத்தப்பட்ட பிடிகாரனைக் கலம் சிதைத்துவிடுகிறது. விடுபட்ட என்.எஃப்-கப்பா பி கருவுக்குள் ஓடி, அழற்சிக்குரிய பரம்பரையலகுகளைத் தட்டி எழுப்புகிறது. டி.என்.எஃப், இன்டர்லூக்கின்-6 போன்ற தூதுப் புரதங்கள் வெளியே கொட்டுகின்றன. வலியை உண்டாக்கும் புரோஸ்டகிளாண்டினைச் செய்கிற கொக்ஸ்-2 என்ற நொதியமும் அப்போதுதான் பெருகுகிறது. முடக்குவாதக்காரரின் மூட்டில் டி.என்.எஃப் ஒரு தலைமைக் குற்றவாளி. அதை மட்டும் பிடித்துக் கட்டும் ஊசிகள் 1990களின் கடைசியிலிருந்து பாவனையில் இருக்கின்றன.

இனி மூலிகைக்கு வருவோம். மூலிகையில் மருந்து இருக்கிறதா என்ற கேள்வியே பிழை. இருக்கிறது. செடியால் ஓட முடியாது, பூச்சியைக் கையால் அடிக்கவும் முடியாது. ஆகவே அது இரசாயனத்தால் சண்டை பிடிக்கிறது. கசப்பு, காரம், நெடி என்று நம் நாக்கு சொல்வதெல்லாம் அநேகமாக அந்தச் சண்டையின் ஆயுதங்கள்தான். பூச்சியின் கலத்தைத் தாக்க உருவான மூலக்கூறு நம் கலத்துக்குள் வந்தாலும் ஏதாவது ஒரு புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டுகிற இடத்தைப் பொறுத்து அது மருந்து, அளவைப் பொறுத்து அதுவே நஞ்சு. வில்லோ மரப்பட்டையால் காய்ச்சல் தணிகிறது என்று எட்வேர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார் 1763 இல் லண்டன் ரோயல் சொசைட்டிக்கு எழுதினார். அந்தப் பட்டைச் சரக்கின் வழிவந்த அஸ்பிரின் 1899 இல் கடைக்கு வந்தது. அது கொக்ஸ் நொதியத்தை அடைத்து வேலை செய்கிறது என்பதை ஜோன் வேன் கண்டுபிடித்தது 1971 இல். பட்டையிலிருந்து விளக்கம் வரைக்கும் இருநூறு வருடம் பிடித்திருக்கிறது.

ராத்தாவின் மேசையில் இருந்த மூன்றில் மஞ்சளை முதலில் எடுக்கிறேன். நம் நாட்டில் மஞ்சளுக்கு ஏற்பட்ட பஞ்சத்தை யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. இறக்குமதி நிறுத்தப்பட்ட 2020 இல் மன்னார், கற்பிட்டிக் கடலில் தோணி தோணியாக மஞ்சள் பிடிபட்டது. தங்கம் கடத்திய கடலில் மஞ்சள் கடத்தினார்கள். கடையில் கிடைத்த தூளில் மாவு எவ்வளவு, மஞ்சள் எவ்வளவு என்று படைத்தவனுக்குத்தான் தெரியும்.

மஞ்சளின் நிறத்தைத் தருவது குர்குமின். 1815 இல் பிரித்தெடுக்கப்பட்டு, 1910 இல் அதன் கட்டமைப்பு அறியப்பட்டது. 1995 அளவில், ஆய்வுகூடக் கோப்பையில் வளர்த்த கலங்களில் குர்குமின் அந்த என்.எஃப்-கப்பா பி என்ற கட்டளைக்காரனை அடக்குகிறது என்று கண்டார்கள். அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. புற்றுநோய், நீரிழிவு, மறதி நோய் என்று குர்குமின் தொடாத நோயே இல்லை. அதைப் படித்தால் எந்த இரசாயன ஆசிரியனுக்கும் ஒரு சந்தேகம் வரவேண்டும். எனக்கும் வந்தது. ஒரே சாவி எல்லாப் பூட்டையும் திறக்கிறதென்றால் ஒன்று சாவி அதிசயமானது, அல்லது பூட்டுகளைப் பார்த்தவர்களின் கண்ணில் கோளாறு.

2017 இல் அமெரிக்க மருந்து இரசாயனவியலாளர் சிலர் எழுதிய விரிவான மதிப்பீடு இந்தச் சந்தேகத்தைத்தான் சொன்னது. குர்குமின் தானே ஒளிர்கிற பொருள். உலோகத்தைப் பிடிக்கும், புரதத்தில் கண்டபடி ஒட்டும். ஆகவே பரிசோதனைக் கருவி "வேலை செய்கிறது" என்று காட்டுவதில் பாதி, குர்குமினின் சேட்டையாக இருக்கலாம். அதோடு நம் இரத்தத்தின் காரத்தன்மைக்கு நிகரான கரைசலில் அது சில நிமிடங்களிலேயே சிதையத் தொடங்கிவிடும்.

அதைவிடப் பெரிய தடை வயிறு. குர்குமின் தண்ணீரில் கரையாது. விழுங்கியதில் பெரும்பகுதி அப்படியே வெளியேறும். உள்ளே போகும் கொஞ்சத்துக்கும் குடலும் ஈரலும் சீனி போன்ற ஒரு மூலக்கூற்றை ஒட்டி, சிறுநீரோடும் பித்தத்தோடும் அனுப்பிவிடும். கோப்பையில் கலத்தின் மேல் ஊற்றிய அளவு நம் மூட்டுக்குப் போய்ச் சேருவதே இல்லை. 1998 இல் பெங்களூரில் செய்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரமான பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது இரத்தத்தில் குர்குமினின் அளவு 20 மடங்கு ஏறியது. எங்கள் உம்மா மஞ்சளையும் மிளகையும் பாலில் கொதிக்கவைத்துத் தந்ததற்கு இதில் நியாயம் இருக்கிறதே என்று நான் பூரித்துப் போனேன். ஆனால் பைப்பரின் அதைச் செய்வது எப்படி? கழிவை வெளியேற்றும் ஈரலின் கையைக் கட்டிப்போட்டு. அந்தக் கை மஞ்சளை மட்டும் வெளியேற்றுவதல்ல, மற்ற மருந்துகளையும் வெளியேற்றுகிற கை. மிளகுச் சத்துச் சேர்த்த கெப்ஸியூலைப் போடுகிறவர் வலிப்புக்கோ இதயத்துக்கோ மருந்து எடுத்தால், அந்த மருந்தின் அளவும் இரத்தத்தில் ஏறக்கூடும். கறிக்குப் போடும் மிளகைப் பற்றி நான் சொல்லவில்லை, கெப்ஸியூலைப் பற்றிச் சொல்கிறேன்.

மஞ்சளால் மனிதரில் ஒன்றும் நடப்பதில்லையா என்றால், அப்படியும் இல்லை. தாய்லாந்தில் 2014 இல் வெளியான ஆய்வில் முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரில் ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் மஞ்சள் சாறும், மற்றவர்களுக்கு 1,200 மில்லிகிராம் ஐபுப்ரொஃபெனும் நான்கு கிழமை கொடுத்தார்கள். வலி குறைந்ததில் மஞ்சள் பின்வாங்கவில்லை, வயிற்றெரிச்சலும் குறைவு. 2020 இல் அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் 70 பேரை 12 கிழமை பார்த்தார்கள். மஞ்சள் எடுத்தவர்களுக்கு வெறும் மாவுக் கெப்ஸியூல் எடுத்தவர்களைவிட வலி குறைந்தது. ஆனால் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது மூட்டுக்குள் இருந்த அழற்சி வீக்கம் குறையவில்லை. இந்த இடத்தை நான் இரண்டு முறை வாசித்தேன். வலி போகிறது, அழற்சி அப்படியே இருக்கிறது! முழங்கால் தேய்மானக்காரருக்கு அது போதும், வலியில்லாமல் தொழ முடிந்தால் அது பெரிய காரியம். ராத்தாவுக்குப் போதாது. அவவுடைய நோயில், வலி தெரியாத காலத்திலும் உள்ளே எலும்பு அரிபட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பழக்கம் விடாது. மஞ்சள் தூளில் குர்குமின் சராசரியாக நூற்றுக்கு 3 பங்கு. ஒரு தேக்கரண்டித் தூள் 3 கிராம் என்று வைத்தால் அதில் 90 மில்லிகிராம். அந்தத் தாய்லாந்து ஆய்வின் அளவைத் தூளால் எட்ட நாளொன்றுக்கு 50 கிராம், அதாவது பதினாறு பதினேழு தேக்கரண்டி வேண்டும். கறி மஞ்சளையும் கெப்ஸியூல் மஞ்சளையும் ஒரே பெயரில் அழைப்பதால் வரும் குழப்பம் இதுதான். அந்தச் செறிவில்தான் ஆபத்தும் தலைகாட்டுகிறது. மஞ்சள் சத்துக் குளிசையால் ஈரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி அமெரிக்க வைத்தியர்கள் 2022 இல் எழுதினார்கள். அவர்களில் 7 பேரிடம் நிர்ப்பீடனத்தோடு சம்பந்தப்பட்ட ஒரே பரம்பரையலகு வகை இருந்தது. ஆகவே எல்லாருக்கும் அது நடக்காது. யாருக்கு நடக்கும் என்பது முகத்தைப் பார்த்துத் தெரிவதும் இல்லை.

கருஞ்சீரகத்தைப் பற்றி எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. நம் வீடுகளில் அது வெறும் மருந்துச் சரக்கு அல்ல. மரணத்தைத் தவிர்ந்த எல்லா நோய்க்கும் அதில் நிவாரணம் உண்டென்ற கருத்தில் வரும் ஸஹீஹான ஹதீஸை அறியாத முஸ்லிம் வீடு இல்லை. ராத்தா என்னிடம் கேட்டதும் அதுதான்: "அப்ப அத நீ நம்பல்லயா?"

நம்புகிறேன். அதை எப்படி விளங்குவது என்பதில் நமக்கு முந்தியவர்களே உழைத்திருக்கிறார்கள். இப்னு ஹஜர் தமது புகாரி விரிவுரையில் இந்த இடத்தில் பலருடைய கருத்துகளைத் திரட்டித் தருகிறார். ஹிஜ்ரி 4 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கத்தாபி, இது பொதுவான சொல்லால் குறிப்பான ஒன்றைச் சொல்வது என்று விளக்கினார். எல்லா நோய்களின் எதிர்த்தன்மையும் ஒரே செடிக்குள் கூடியிருப்பதில்லை, சூடும் உலர்வுமான கருஞ்சீரகம் குளிர்ச்சியாலும் ஈரத்தாலும் வரும் நோய்களுக்குப் பொருந்தும் என்பது அவரது பார்வை. சொல்லைப் பொதுவாகவே எடுத்தவர்களும் உண்டு. என்றாலும் எந்த நோய்க்கு, எந்த அளவில், தனியாகவா கலந்தா என்ற கேள்வியை அந்த அறிஞர்கள் கேட்டார்கள். கேட்டதால் அவர்களுடைய ஈமானுக்கு எந்தக் குறையும் வரவில்லை. இதை ராத்தாவுக்குச் சொன்னபோது அவ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "எண்ணெய் வித்த புள்ள இதெல்லாம் சொல்லல்ல" என்றா.

கருஞ்சீரக எண்ணெயின் நெடியில் இருப்பது தைமோகுவினோன். 1963 இல் எகிப்தியர் ஒருவர் அதை எண்ணெயிலிருந்து பிரித்தார். இதன் மூலக்கூற்றுக்கு ஒரு குணம் உண்டு: புரதங்களில் கந்தகம் இருக்கும் இடம் பார்த்துப் போய்ப் பிடிக்கும். கோப்பையில் உள்ள கலங்களில் என்.எஃப்-கப்பா பியை அடக்கியது, எலிகளின் மூட்டழற்சியைத் தணித்தது. மனிதரில் என்ன? 2012 இல் வெளியான எகிப்திய ஆய்வொன்றில் முடக்குவாதம் உள்ள 40 பெண்களுக்கு, அவர்கள் எடுத்துவந்த மருந்தோடு சேர்த்து, முதலில் வெறும் கெப்ஸியூலும் பிறகு 500 மில்லிகிராம் கருஞ்சீரக எண்ணெய் நாளுக்கு இரண்டு தரமும் கொடுத்தார்கள். நோயின் வேகத்தைக் காட்டும் புள்ளி 4.98 இலிருந்து 4.55 ஆக இறங்கியது. காலை விறைப்பும் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் ஐரோப்பிய மூட்டுநோய் வைத்தியர்களின் அளவுகோலில் 0.6 க்கு மேல் இறங்கினால்தான் ஒரு மருந்துக்கு நோய் இணங்கியது என்று கணக்கெடுப்பார்கள். இது 0.43. அதைவிட முக்கியம், அந்தப் பெண்கள் தங்கள் மருந்தை நிறுத்தவில்லை. எண்ணெய் துணையாகப் போனது. ராத்தாவின் வீட்டில் துணை வந்து வீட்டுக்காரியை வெளியே அனுப்பிவிட்டது.

சீந்திலின் கதை வேறு. வேலியில் ஏறிக் கிடக்கும் அந்தக் கொடியைச் சிங்களத்தில் ரசகிந்த என்பார்கள். நம் பரிசாரிமார் காய்ச்சலுக்குக் கசாயம் வைத்துக் கொடுத்த சாமான். மஞ்சளும் கருஞ்சீரகமும் கட்டளைக்காரனை அடக்கப் பார்ப்பவை என்றால், சீந்திலில் உள்ள சில பெருஞ்சீனி மூலக்கூறுகள் அதற்கு நேரெதிர். விழுங்கும் கலங்களின் மேற்பரப்பில் கிருமியை அறிவதற்கென்று இருக்கும் வாங்கியைத் தொட்டு, "எதிரி வந்துவிட்டான்" என்று எழுப்பிவிடுகின்றன. அதைத்தான் டப்பாவில் "எதிர்ப்புச் சக்தி கூட்டும்" என்று எழுதியிருக்கிறார்கள். பொய் இல்லை. கூட்டுகிறது. யாருடைய உடம்பில் கூட்டுகிறது என்பதுதான் எழுதப்படவில்லை.

கொரோனா காலத்தில் இந்தியாவில் சனம் சீந்திலை அள்ளி அள்ளிக் குடித்தது. 2020 செப்டெம்பருக்கும் டிசம்பருக்கும் இடையில் மும்பையில் ஈரல் பாதிப்போடு வந்த 6 பேரைப் பற்றி அங்குள்ள வைத்தியர்கள் எழுதினார்கள். நிர்ப்பீடனத் தொகுதியே ஈரலைத் தாக்குகிற மாதிரியான பாதிப்பு அது. பிறகு 13 நிலையங்களிலிருந்து 43 பேரின் விபரம் திரட்டப்பட்டது. உள்ளே ஒளிந்திருந்த சுய எதிர்ப்பு நோயைச் சீந்தில் தட்டி எழுப்பியிருக்கலாம் என்பது அவர்களின் விளக்கம். இந்திய ஆயுஷ் அமைச்சு இதை ஏற்கவில்லை. அது சீந்திலாக இராது, அதே இனத்து வேறு கொடியாக இருக்கலாம் என்றது. எனக்கு அந்தப் பதிலே பயத்தைக் கூட்டியது. தூளாக்கிய பின் எந்தக் கொடி என்று நானோ ராத்தாவோ எப்படிக் கண்டுபிடிப்பது? உடலெதிர்ப்புப் பிழைத்தவர், ஈரலைப் பார்த்துப் பார்த்து எடுக்கவேண்டிய குளிசையில் இருந்தவர், அவர் கையில் இந்த டப்பா.

அழற்சியை உண்மையிலேயே அடக்குகிற செடிச் சரக்கு உண்டா என்று கேட்டால், உண்டு. அது நம் யூனானி மரபிலிருந்தே வந்தது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். சூரிஞ்சான் என்ற கிழங்கை யூனானி ஹகீம்கள் மூட்டுவலிக்குக் கொடுத்தார்கள். இப்னு சீனாவின் கானூனில் அது வருகிறது. அதற்கும் முந்தி 6 ஆம் நூற்றாண்டின் கிரேக்க வைத்தியர் அலெக்ஸாண்டரும் அதே வகைக் கிழங்கைக் கீல்வாதத்துக்குக் கொடுத்தார். 1820 இல் பெலெத்தியே, காவந்து என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் இந்தச் செடியினத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளைத்தான் இன்று கொல்கிசீன் என்று பாமஸியில் வாங்குகிறோம். வெண்கலம் நடப்பதற்கு உள்ளே ஒரு குழாய்ச் சட்டம் வேண்டும். கொல்கிசீன் அந்தச் சட்டத்தைக் கட்டவிடாது. நடக்க முடியாத படை மூட்டுக்கு வந்து சேராது. 2019 இல் வெளியான ஓர் ஆய்வில் மாரடைப்பு வந்த 4,745 பேரைப் பின்தொடர்ந்தார்கள். நாளுக்கு 0.5 மில்லிகிராம் கொல்கிசீன் எடுத்தவர்களுக்கு மறுபடி இதயப் பிரச்சினையும் பக்கவாதமும் வருவது குறைந்தது. இதயக் குழாயில் கொழுப்பு படிவதிலும் அழற்சிக்குப் பங்குண்டு என்பதற்கு அது ஓர் அத்தாட்சி. 2023 இல் அமெரிக்கா இதயத்துக்கென்றே அதை அங்கீகரித்தது.

இதே கொல்கிசீன் நம் வேலியிலும் பூக்கிறது. கார்த்திகைப்பூ, சிங்களத்தில் நியங்கலா. அதன் கிழங்கை வற்றாளை என்று நினைத்து அவித்துத் தின்று செத்தவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். வெண்கலத்தின் சட்டத்தைத் தடுக்கிற அதே வேலை, அளவு கூடினால் குடலிலும் எலும்பு மச்சையிலும் உள்ள ஒவ்வொரு கலமும் பிரிவதைத் தடுத்துவிடும். மருந்துக்கும் மௌத்துக்கும் இடையிலுள்ள அந்தத் தூரம் மில்லிகிராமில் அளக்கிற தூரம். பழைய ஹகீம்கள் இதை அறியாதவர்கள் அல்லர். இனிப்புச் சூரிஞ்சான், கசப்புச் சூரிஞ்சான் என்று பிரித்து, கசப்பானதை வெளிப்பூச்சுக்கு வைத்தார்கள்.

இப்னு சீனா கானூனின் இரண்டாம் பாகத்தில் ஒரு மருந்தைச் சோதிப்பதற்கு விதிகள் வகுக்கிறார். மருந்து கலப்பில்லாததாக இருக்கவேண்டும். பல நோய் பின்னிக் கிடக்கும் ஆளிடம் அல்ல, ஒரே நோய் உள்ளவரிடம் சோதிக்கவேண்டும். பலன் திரும்பத் திரும்ப வரவேண்டும், ஒருமுறை வந்தது தற்செயலாக இருக்கலாம். கடைசியில் மனிதரிடமே சோதிக்கவேண்டும். சிங்கத்திலும் குதிரையிலும் நடந்தது மனிதரில் நடக்கும் என்பதில்லை என்கிறார். ஆயிரம் வருடத்துக்கு முந்தி எழுதியது. எலியில் நடந்ததைப் போத்தலில் ஒட்டி விற்கிறவர்கள் "இது இப்னு சீனா மரபு" என்று விளம்பரமும் போடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது மூலிகையில் அல்ல, அந்த ஸ்டிக்கரில்.

ராத்தாவின் கதையை முடித்துவிடுகிறேன். ஆறு கிழமை என்று சொன்னா அல்லவா, ஒன்பதாவது கிழமை இரண்டு மணிக்கட்டும் பந்தாக வீங்கின. கோப்பையைப் பிடிக்க ஏலாமல் பேத்தி தேத்தண்ணி பருக்கினா. மூன்று சாமானையும் ஒரு ஷொப்பிங் பேக்கில் போட்டு, நானே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வரும் வழியெல்லாம் "டொக்டர் ஏசுவாரே" என்று ராத்தா முணுமுணுத்தா. முன்பு ஒரு இடத்தில் மூலிகை என்று வாயெடுத்ததற்கே ஏச்சு வாங்கியவ. அதனால்தான் இந்த முறை யாரிடமும் சொல்லாமல் நிறுத்தியிருந்தா. ஏச்சுக்குப் பயந்து மறைப்பவர்கள் எங்கள் ஊரில் இன்னும் எத்தனை பேரோ.

இந்த டொக்டர் ஏசவில்லை. நல்ல சின்னப் பிள்ளை. பேக்கை மேசையில் கவிழ்த்து ஒவ்வொன்றாய் வாசித்தார். சீந்தில் டப்பாவைத் தனியே எடுத்து வைத்தார். மிளகுச் சத்துச் சேர்ந்த மஞ்சள் கெப்ஸியூலையும் அதோடு வைத்தார். ஈரல் சோதனைக்கு இரத்தம் எடுத்தார். முடிவு வந்ததும் குளிசையை மறுபடி தொடங்கினார். கருஞ்சீரக எண்ணெயை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதை நீங்க குடிக்கிறதெண்டா எனக்குச் சொல்லிட்டுக் குடிங்க, ஈரல் சோதனையில வித்தியாசம் வந்தா எதால வந்ததெண்டு எனக்கு விளங்கோணும்" என்றார். கறிக்கு மஞ்சள் போடலாமா என்று ராத்தா கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டார்.

வீக்கம் இறங்க மூன்று மாதம் போனது. வலது கைச் சுட்டுவிரல் மட்டும் பழையபடி நேராகவில்லை, கொஞ்சம் சாய்ந்தே நிற்கிறது. இடியப்ப உரலை இப்போது மருமகள் அழுத்துகிறா, ராத்தா பக்கத்தில் இருந்து தட்டைச் சுழற்றுகிறா. போன கிழமை போனபோது அந்த எண்ணெய்ப் போத்தல் ஜன்னல் கட்டில் இருந்தது, முக்கால்வாசி மிச்சம். குடிக்கிறீங்களா என்று கேட்டேன்.

"இல்ல தம்பி. முழங்காலுக்குத் தடவுறன். டொக்டருக்கும் சொல்லியாச்சு."

நான் வெள்ளிக்கிழமைகளில் இரவு கோல் எடுப்பேன். குளிசை போட்டாச்சா என்று கேட்க.